முதுகு வலி என்று எழுதிக் கொடுத்தேன்

சென்ற மாதம் ஓசூரில் சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர்களுக்காக ஒரு நாள் கூட்டம் நடந்தது. ஓய்வு பெற்றவன் என்ற மரியாதையில் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இனிமேல் ஒவ்வொரு வீரரும் மாதம் ஒரு முறை மனநல ஆலோசகரிடம் பேச வேண்டும் என்ற புதிய நடைமுறையை ஒருவர் விளக்கினார். கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்தார். எங்கோ ஒரு பள்ளியில் பயிற்சியாளராக இருப்பவர்.

“சார், நீங்க இருபத்தாறு வருஷம் டீம் நடத்தியிருக்கீங்க. உங்க காலத்துல டிப்ரஷன்னு யாராச்சும் வந்தாங்களா?”

“எங்க பசங்களுக்கு அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? ஷிப்ட் முடிஞ்சா சைக்கிள், சைக்கிள் முடிஞ்சா ஷிப்ட்” என்றேன்.

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொன்னது பொய். கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் பேருந்தில் அவர் குறித்துக்கொண்டதுதான் மனதில் நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் வரலாற்றில் எம்.ஏ. படித்தவன். கல்லூரி நாட்களில் சைக்கிள் ஓட்டி இரண்டு பதக்கம் வாங்கியதால் உடற்கல்விப் பக்கம் போனேன். பயிற்சியாளர் பட்டயத்துக்காக வடக்கே ஒரு வருடம் சப்பாத்தி தின்றேன். திரும்பி வந்ததும் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பணியாளர் துறையில், விளையாட்டு அலுவலர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வருடத்துக்கு இரண்டு டிரெய்னிகளை எடுப்போம். பாதி நாள் அசெம்பிளி லைனில் வேலை, பாதி நாள் சைக்கிள். மூன்று வருடத்துக்குள் மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து, மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவோம். நிரந்தரம் என்றால் ஓசூரில் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பதற்கு முன்பு சட்டையின் நிறத்தை விசாரிப்பார்கள்.

என் துறைத் தலைவர் மைசூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு காகிதத்துக்குச் சம்மதம் என்றால் “ஆகலி” என்று கன்னடத்தில் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆகட்டும் என்று பொருள். சம்மதமில்லை என்றால் அந்தக் காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் பேனாவைக் குறுக்காக வைப்பார். பிறகு என் மனைவியின் சர்க்கரை அளவைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார். இந்தக் காகிதம் என்னிடம் வரவில்லை, வேறு மாதிரி எழுதிக்கொண்டு வா என்று அர்த்தம். வாயைத் திறந்து மறுக்காததால் அவர் எதையும் மறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நாலைந்து வருடத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டேன்.

பயிற்சியில் எனக்கு ஒரு முறை இருந்தது. பையன்கள் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நாடி எண்ண வேண்டும். எண்ணியதைத் தலைமாட்டில் இருக்கும் நோட்டில் எழுத வேண்டும். பிறகு எடை, தூங்கிய மணி, முந்தின நாள் ஓட்டிய தூரம். ஐந்தரை மணிக்கு விடுதி கேட் முன்னால் வரிசையாக நிற்கும்போது நோட்டுகளை வாங்கிப் பார்ப்பேன். வழக்கத்தைவிட நாடி ஐந்தாறு கூடியிருந்தால் அன்று அவனுக்கு மெதுவான ஓட்டம். பத்து கூடியிருந்தால் ஓட்டமே கிடையாது. குறைந்திருந்தால் உடம்பு தேறுகிறது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். நோட்டின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு பத்தியும் இருந்தது. யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று நானும் கேட்டதில்லை.

மாதேஷ் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு. அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்துப் பையன். காட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு நிலம், அம்மா, அவன். அப்பா இல்லை. மாவட்டப் போட்டி ஒன்றில் கேரியர் வைத்த சைக்கிளில் வந்து நாலாவதாக முடித்தவனிடம் அன்றைக்கே பெயர் எழுதி வாங்கிக்கொண்டேன்.

சைக்கிள் பந்தயத்தில் டைம் ட்ரையல் என்று ஒன்று உண்டு. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. கூட்டத்தில் முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு நன்றாக ஓட்டும் பையன்கள், தனியே விட்டால் பத்தாவது கிலோமீட்டரில் தொய்ந்துவிடுவார்கள். மாதேஷ் தனியே விட்டால்தான் ஓட்டுவான். அவனோடு அறையில் இருந்த முனிராஜ் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். பையன்கள் ஒருவரையொருவர் ‘குரு’ என்பார்கள், கன்னடத்தில் மச்சான் மாதிரி.

“இவன் பின்னாடி போறதுக்கு பஸ்ல போலாம் சார். டிக்கெட் எடுத்தா கண்டக்டராச்சும் பேசுவாரு. இவன் பேசவே மாட்டேங்கறான்” என்பான்.

மாதேஷ் சிரிப்பான். முதல் இரண்டு வருடம் நன்றாகச் சிரிக்கிற பையன்தான் அவன். இரண்டாம் வருட மாநிலப் போட்டியில் நாலாவதாக வந்தான். மூன்றாவதாக வந்தவனுக்கும் இவனுக்கும் ஆறு நொடி வித்தியாசம்.

மூன்றாம் வருடம் தொடங்கி ஒரு மாதத்தில் அவனுடைய நாடி நாற்பத்து நான்குக்கு இறங்கியது. நான் மகிழ்ந்து போனேன். அடுத்த நாளும் நாற்பத்து நான்கு. அடுத்த வாரம் முழுக்க நாற்பத்து நான்கு. மற்ற பையன்களிடம் அந்த நோட்டைக் காட்டி, பாருங்கடா என்றேன். செயினுக்கு எண்ணெய் போடாமல் வருவதையும், சவரம் செய்யாமல் வருவதையும், கேண்டீனில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவதையும் பார்க்காமல் இல்லை. தியானம் மாதிரி ஏதோ ஒரு தீவிரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ராயக்கோட்டைச் சாலை ஏற்றத்தில் ஜீப்பில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன மாதேஷ் திடீரென்று நிறுத்தி இறங்கினான். சைக்கிளைத் தக்காளித் தோட்டத்து வரப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். டயர் நன்றாக இருந்தது. காலில் தசைப்பிடிப்பும் இல்லை.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவுல சார்.”

“அப்புறம் ஏன் நிறுத்தின?”

“எதுக்கு ஓட்டறம்னு தெரில சார்.”

“எதுக்கா? மெடலுக்கு. நீலச் சட்டைக்கு. உங்கம்மாவுக்கு. போதுமா?”

எழுந்தான். சைக்கிளை எடுத்தான். மீதி ஏற்றத்தை அன்று அவன் ஏறிய வேகத்தில் அதற்கு முன்னால் யாரும் ஏறியதில்லை. நான்தான் அவனைச் சரி செய்தேன் என்று ஜீப் டிரைவரிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து முனிராஜ் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். கேலி செய்கிற முகம் இல்லை.

“சார், அவன் தூங்கறதே இல்ல சார். பாத்ரூம்ல கொழாவத் தொறந்து வுட்டுட்டு அழுவறான். நான் கேட்டா, சளி புடிச்சிருக்குது குருங்கறான். அரை மணி நேரம் எவனுக்கு சார் சளி புடிக்கும்?”

எங்கள் தொழிற்சாலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டர் அம்மா வருவார். மாதேஷை அவரிடம் அழைத்துப் போனேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. மற்ற தொழிலாளிகள் காய்ச்சலும் வெட்டுக்காயமுமாக வரிசையில் முணுமுணுத்தார்கள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, மாதேஷை வைத்துக்கொண்டே பேசினார்.

“இது மனச்சோர்வு நோய் சார். சோம்பேறித்தனம் இல்ல, பயம் இல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இதுவும் நோய்தான். மருந்து இருக்கு. சரியாகும். ஆனா இப்ப நெலமை சாதாரணமா இல்ல. செத்துரலாம்னு தோணுதான்னு நேராவே கேட்டேன். நீங்களே சொல்லுங்க மாதேஷ்.”

மாதேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சாவணும்னுலாம் இல்லீங்க. எதுக்க லாரி வந்தா ஒதுங்கணும்னு தோண மாட்டேங்குது.”

டாக்டர் நோட்டைக் கேட்டார். புரட்டினார். “தினமும் நாற்பத்து நாலா? யாருக்கும் அப்படி இருக்காது சார்.”

“எண்ணல சார்” என்றான் மாதேஷ், என்னிடம். “எண்ணறதுக்கு முடியல. நல்லா இருக்கற நம்பரா பாத்து எழுதிட்டேன்.”

டாக்டர் அன்றே ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதம் சைக்கிள் கூடாது, மனநல மருத்துவரிடம் தொடர்ந்து சிகிச்சை, சிகிச்சைக்குப் பின் எல்லா வேலைக்கும் தகுதி உள்ளவர், இடையில் வேலையை நிறுத்திவைக்கக் கூடாது. கடைசி வாக்கியத்தின் கீழே அடிக்கோடு போட்டிருந்தார்.

துறைத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கவிழ்த்து வைத்தார். பேனா குறுக்கே வந்தது. “உங்க மனைவிக்கு சுகர் எப்படி இருக்கு?” என்றார்.

இந்த இடத்தில் நான் அவரைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. எழுதியது நான். மனநோய் என்று ஃபைலில் ஏறிவிட்டால் நிரந்தரமாக்க மாட்டார்கள், பையனின் எதிர்காலம் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் என்றால் மாநிலப் போட்டி போய்விடும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இவ்வளவு வருடமாக என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் இடத்துக்குள் வருகிறவன் என்று நம்பி என் கையால் பொறுக்கி எடுத்த பையன் அவன். போட்டிதான் முதலில் தோன்றியது.

தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் ஒரு சான்றிதழ் வாங்கினேன். கீழ் முதுகு வலி, ஆறு வாரம் ஓய்வு. விடுப்பு விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பினேன். “ஆகலி” என்றார் துறைத் தலைவர். டாக்டர் அம்மாவின் கடிதத்தை என் மேஜை இழுப்பறையில் அடியில் வைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் அம்மா கேட்டார், “லெட்டர் போயிருச்சா சார்?” “எல்லாம் ஏற்பாடு ஆயிருச்சு மேடம்” என்றேன்.

மாதேஷிடம் சொன்னேன். “யாராச்சும் கேட்டா முதுகுன்னு சொல்லுடா. உன் நல்லதுக்குத்தான்.”

“சரிங்க சார்” என்றான்.

நானே அவனைப் பெங்களூருக்கு இரண்டு முறை அழைத்துப் போனேன். ஓசூர் ஆட்கள் யாரும் பார்க்காத ஒரு மருத்துவமனை. மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் தூங்கினான், கொஞ்சம் சாப்பிட்டான்.

அந்த ஆறு வாரமும் அவன் முதுகு வலிக்காரனாக நடிக்க வேண்டியிருந்தது. விடுதியில் பையன்கள் விட்டுவைக்கவில்லை. “பாத்துடா தாத்தா, படி இருக்குது”, “கோலு ஊனிக்க” என்றார்கள். ஒருவன் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தான். அதை அவன் போட்டுக்கொண்டான். முனிராஜுக்கு மட்டும் விஷயம் தெரியும். “நோவு ஒரு எடத்துல, பெல்ட் ஒரு எடத்துல. நல்லாருக்குது குரு உங்க டீமு” என்று என் காதுபடவே அவனிடம் சொன்னான். கேட்காத மாதிரி இருந்தேன்.

அவன் அம்மா நாட்றாம்பாளையத்திலிருந்து பேருந்து மாறி மாறி வந்தார். விடுதி வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “எம் பையனுக்கு என்னாங்க சாரு?”

“முதுகுதாம்மா. எலும்பு தேய்மானம் இல்ல, வெறும் பிடிப்பு. சரியாயிரும்” என்றேன். வாத்தியார் மாதிரி விளக்கமாகச் சொன்னேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

ஏதோ தழையை அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். பையனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் பூசித் தேய்த்துவிட்டார். நான் கதவருகே நின்றேன்.

“வலிக்குதா கண்ணு?”

“வலிக்குதும்மா.”

“எங்கடா?”

“எல்லா எடத்துலயும் வலிக்குதும்மா.”

சொல்லிவிட்டு அவன் அழுதான். அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். வலி இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று என்னிடம் சொன்னார்.

ஆறு வாரம் முடிந்தது. முதுகு சரியாகிவிட்டது என்று இன்னொரு சான்றிதழ் வாங்கினேன். மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் கால் கனமாக இருக்கிறது என்றான் மாதேஷ். அப்போது நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “போட்டி முடியற வரைக்கும் மாத்திரைய நிறுத்தி வெச்சுக்கலாமா?” மருத்துவரைக் கேட்காமல் சொன்னேன். அவன் நிறுத்தினான்.

போட்டி கிருஷ்ணகிரிக்கு வெளியே, கிராமச் சாலை ஒன்றில். போய்த் திரும்ப நாற்பது கிலோமீட்டர். போக்குவரத்தை முழுதாக நிறுத்தவில்லை. நடுவர் ஒருவர் பின்னால் நின்று சீட்டைப் பிடித்துக்கொள்ள, வீரன் இரண்டு காலையும் பெடலில் மாட்டி உட்கார்ந்திருப்பான். இன்னொருவர் முகத்துக்கு நேரே கையை விரித்து ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொரு விரலாக மடக்குவார். கடைசி விரல் மடங்கியதும் பிடித்தவர் கையை எடுத்துவிடுவார். மாதேஷ் அந்த விரல்களைப் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை.

ஜீப்பில் பின்னால் போனேன். பாதி தூரத்தில், திரும்பும் இடத்தில், அவன் அதுவரை முதலிடத்தில் இருந்தவனைவிடப் பதினோரு நொடி முன்னால் இருந்தான். கத்தி அவனுக்குச் சொன்னேன். தலையைத் திருப்பவில்லை. இருபத்தெட்டாவது கிலோமீட்டர் தாண்டி எதிரே ஒரு மாங்காய் லாரி வந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டினான். திரும்பினான் என்று சொல்ல முடியாது. நேராக வைத்திருக்க வேண்டிய கையை விட்டுவிட்ட மாதிரி போனான். எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்தினார். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். லாரிக்காரர் புத்திசாலி, வண்டியைத் தோப்புப் பக்கம் இறக்கிவிட்டார். லாரியின் பின்பக்கம் உரசி மாதேஷ் விழுந்தான். தோள்பட்டை எலும்பும் தொடை எலும்பும் முறிந்தன.

ஆம்புலன்ஸில் நினைவோடுதான் இருந்தான். “வேணும்னு போவுல சார்” என்றான். “ஒதுங்கல. அவ்ளோதான்.”

விபத்து அறிக்கையில் என்ன எழுதுவது என்று துறைத் தலைவர் கேட்டார். ஏற்கெனவே முதுகு வலி உண்டு, திடீர்ப் பிடிப்பால் கட்டுப்பாடு இழந்தார் என்று எழுதிக் கொடுத்தேன். “ஆகலி” என்றார்.

மருத்துவமனையில் மாதேஷைப் பார்க்கப் போனபோதுதான் டாக்டர் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. என் அறைக்கு வந்தார், உட்காரவில்லை. “எழுதறது என் வேலை சார். அதை எழுதிட்டேன். அனுப்பறதுதான் உங்க வேலை. அந்த லெட்டரை இப்பவாச்சும் குடுத்திருங்க” என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் போனதும் அதைக் கிழித்துப் போட்டேன்.

அவர் விடவில்லை. நேரடியாக நிர்வாகத்துக்கே ஒரு கடிதம் எழுதினார்: மாதேஷின் உண்மையான நோய் இன்னது, விபத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்தேன், அவரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி ஒரு கடிதம் முன்பே வந்ததா என்று, அதை இரண்டு முறை படித்த துறைத் தலைவரே எழுத்துமூலம் என்னிடம் கேட்டார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ‘அப்படி எந்தக் கடிதமும் என்னிடம் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் காகிதத்தின்படி நடந்தது. டாக்டர் அம்மாவின் ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. எலும்பு கூடி மாதேஷ் நடக்கத் தொடங்கியதும் நிரந்தரத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதக்கம் இல்லாவிட்டாலும் விபத்தை உத்தேசித்து ஒரு சலுகை காட்டலாம் என்று இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த மருத்துவர் ஃபைலைப் பார்த்தார். ஆறு வார முதுகு வலி, பிறகு முதுகுப் பிடிப்பால் விபத்து. எடை தூக்கும் வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று எழுதினார். அவன் வேலையைக் காப்பாற்ற நான் எழுதிய இரண்டு சொல்தான் அவன் வேலையைப் பறித்தது. அன்றைக்குக்கூட நான் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு நீலச் சட்டை கிடைத்திருக்கும். எனக்கு ஓய்வூதியப் பலன்கள் போயிருக்கும். சொல்லவில்லை.

எனக்குப் பிரிவு விழா நடத்தினார்கள். மாலை போட்டார்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் மாதேஷ் எனக்கு போன் செய்வான்; எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. ஓசூர்க் கூட்டம் முடிந்த இரண்டாம் நாள் முனிராஜுக்கு போன் செய்து மாதேஷ் எங்கே என்று கேட்டேன். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் இருக்கிறான், வாரத்துக்கு ஒரு நாள் ஊருக்குப் போவான் என்றான். காலை பத்து மணிக்கு மண்டியில் இறங்கினேன். வேன் ஒன்றில் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று கிரேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முதுகில் சுமந்து ஒருவன் பலகை ஏறினான். எடை தூக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவன் அவன்தான்.

“சாரு! இன்னா இந்தப் பக்கம்? தக்காளி வாங்கவா? இன்னிக்கு வெல மெடல் ரேஞ்சுல இருக்குது” என்றான். முப்பதைத் தாண்டிவிட்டான், முன்தலை வழுக்கை. சிரித்தான். அந்தச் சிரிப்பை எதிர்பார்த்து நான் வரவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்துப் போட்ட கடிதத்தையும், வரவில்லை என்று போட்ட கையெழுத்தையும்.

“தெரியும் சார். டாக்டர் அம்மா அப்பவே சொல்லிட்டாங்க. அவங்கதான் என்ன கவர்மென்ட் ஆஸ்பத்திரில சேத்து, ரெண்டு வருசம் பாத்துக்கிட்டாங்க.”

“தெரிஞ்சுமா பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணின?”

“நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன்” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

கம்பெனிக்கு இப்போதாவது எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

“எழுதுங்க. டாக்டர் அம்மாவுக்காச்சும் ஆவும். எனக்கு வேற ஒண்ணு பண்ணணும் சார். எங்கம்மாகிட்ட வந்து சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“எனக்கு முதுகு இல்லன்னு. நடுவுல நடுவுல எனக்கு அது வரும் சார், மாத்திரை சாப்ட்டே ஆவணும். முதுகு வலி மாத்திரைய இத்தன வருசம் தின்னா கிட்னி போயிரும்னு, ஊருக்குப் போறப்ப பையிலருந்து அம்மா அத்த எடுத்து ஒளிச்சு வெச்சுருது. ரெண்டு மாசம் முன்னாடி பதினஞ்சு நாள் மாத்திரை இல்லாம போச்சு. மறுபடியும் அந்த லாரி மாதிரி ஆயிருச்சு. முனிராஜுதான் வந்து கூட்டிட்டுப் போனான்.”

“நீ சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டேன் சார், எத்தினி தடவ. அந்தப் பெரிய சாரே முதுகுன்னு சொன்னாரு, நீ என்னாடா புதுசா சொல்றன்னு கேக்குது. நீங்க சொன்னாதான் நம்பும்.”

அவன் ஊருக்குப் போகும் நாளில் நானும் கூடப் போனேன். அஞ்செட்டி தாண்டிப் பேருந்து வளைவு வளைவாக இறங்கி ஏறும்போது எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

அந்த அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க சாரு, குந்துங்க” என்று நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். மாதேஷ் கதவருகே நின்றான்.

“அம்மா, நான் அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது பொய். மாதேஷுக்கு முதுகுல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. வேலை போயிரும்னு, பேரு கெட்டுரும்னு நான்தான் அப்படி எழுதினேன். அவன் அத நடிச்சான். அந்த மாத்திரை முதுகுக்கு இல்ல, அவன் உசுருக்கு.”

“அப்ப எம் பையனுக்கு என்னாதாங்க நோவு?”

சொன்னேன். பெரிய வார்த்தை எதுவும் போடாமல் சொன்னேன். மனசு சோர்ந்து போகிற நோய். தூக்கம் போகும், சோறு இறங்காது, எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் போகும். விட்டால் உயிரை எடுத்துவிடும். மருந்து சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம். அதை நிறுத்தக் கூடாது.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். திட்டவில்லை. உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்து, துணியில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து மாதேஷின் கையில் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

“இவங்கப்பாவுக்கும் இப்பிடித்தாங்க இருந்துச்சு” என்றார். “தூங்க மாட்டாரு. தின்ன மாட்டாரு. களத்து மேட்டுல குந்திக்கினு காட்டையே பாத்துக்கினு இருப்பாரு. ஒரு நா காட்டுக்குள்ள போனவரு உசுரோட வரல. போலீசு வந்து கேட்டப்ப வயித்து வலின்னு சொன்னம். ஊருல அல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க, நாங்களும் சொல்லிட்டம். வயித்துல ஒண்ணுமே இல்லீங்க அவருக்கு.”

மாதேஷ் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இது அவனுக்குத் தெரியாது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றான்.

“உனுக்கு வந்துருமோன்னு பயந்தேன் கண்ணு” என்றார். “சொன்னாத்தான் வரும்னு நெனச்சன்.”